நீச்சல் குளத்தில் ஒரு கண்ணுக்குத் தெரியாத திருடன்!

நீந்தத் தெரியாதவர் தண்ணீரில் மூழ்கினால் அதில் மர்மம் ஒன்றுமில்லை. ஆனால், நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவர், இடுப்பளவுத் தண்ணீரில், ஒரு கூச்சல்கூடப் போடாமல் மூழ்கிப்போனால்..?

இந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடித்த கதைதான் இது. அதற்கு முன்னால் ஒரு அமெரிக்க வீட்டின் கொல்லைப்புறத்துக்குப் போய்விட்டு வருவோம்.

இரண்டாம் உலகப் போருக்கு முன்புவரை வீட்டுக்குள் நீச்சல் குளம் என்பது ஹாலிவுட் நட்சத்திரங்களும் கோடீஸ்வரர்களும் அனுபவித்த சமாசாரம். போர் முடிந்து கையில் நாலு காசு சேர்ந்ததும், கலிஃபோர்னியாவின் நடுத்தரக் குடும்பங்களும் தோட்டத்தைத் தோண்ட ஆரம்பித்துவிட்டன. குளம் வெட்டினால் போதுமா? தண்ணீர் பாசி பிடிக்காமல் இருக்க தினமும் பல மணி நேரம் பம்ப் ஓடி வடிகட்ட வேண்டும். குளிர்காலத்துக்கு ஹீட்டர். ராத்திரி அழகுக்குத் தண்ணீருக்கடியில் விளக்கு. ஆக, தண்ணீரும் மின்சாரமும் ஒரே கொல்லைப்புறத்தில் குடித்தனம்!

தினமும் மறக்காமல் பம்ப்பை யார் போட்டு அணைப்பது? அதற்குத்தான் டைமர். சுவரில் ஒரு இரும்புப் பெட்டி, உள்ளே 24 மணி நேரம் குறித்த வட்டத் தகடு. அதில் இரண்டு சின்ன முள்களைத் திருகிவைத்தால் காலை எட்டுக்குப் பம்ப் ஓடும், மாலை நாலுக்கு நிற்கும். (இத்தகைய டைமர்களால் புகழ்பெற்ற கம்பெனி ஒன்று 1891-ல் சிகாகோவில் தொடங்கியபோது தயாரித்தது என்ன தெரியுமா? டிராம் வண்டியில் வசூலான டிக்கெட் கணக்கைக் காட்டும் கருவி!)

அந்தத் தகட்டைச் சுற்றவைப்பது மின்சாரமேதான். இதற்குப் பின்னால் ஹென்றி வாரன் என்ற மாசசூசெட்ஸ்காரர் இருக்கிறார். மின்சாரத்தின் துடிப்பைப் பிடித்துக்கொண்டு ஓடும் கடிகாரம் ஒன்றை அவர் செய்தார். அமெரிக்க மின்சாரம் விநாடிக்கு 60 முறை துடிக்கிறது, அதைக் கணக்கு வைத்து ஓடினால் நேரம் சரியாக இருக்கத்தானே வேண்டும்? ஆனால், கடிகாரம் தப்பு நேரம் காட்டியது! யோசித்துப் பார்த்த வாரன், தவறு கடிகாரத்தில் இல்லை, பவர் ஹவுஸில் இருக்கிறது என்று கண்டுகொண்டார். 60 என்பது அங்கே சும்மா பேச்சுக்குத்தான். உடனே பவர் ஹவுஸுக்கே ஒரு தாய்க் கடிகாரம் செய்து கொடுத்தார். 1916 அக்டோபரில் பாஸ்டன் எடிசன் கம்பெனியின் மின்நிலையத்தில் அது மாட்டப்பட்டது. பொருளின் மேல் பழி போடாமல் மின்சாரத்தையே திருத்திய மனிதர்!

சரி, குளத்துக்கு வருவோம். டைமர்களில் இரண்டு சிக்கல்கள். ஒன்று, ஹீட்டர். நெருப்பு அணைந்த பிறகும் உள்ளே குழாய்கள் கொதித்துக்கொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்துப் பம்ப் நின்றால், தேங்கிய தண்ணீர் சூடாகி ஹீட்டரையே கெடுத்துவிடும். அதனால், பம்ப் நிற்பதற்குச் சுமார் 20 நிமிடம் முன்பே ஹீட்டரை அணைத்துவிடும் ஒரு குட்டி ஸ்விட்ச்சை டைமருக்குள்ளேயே வைத்தார்கள். ‘ஃபயர்மேன் ஸ்விட்ச்’ என்று பெயர். இரண்டாவது, தரையைச் சுத்தம் செய்யும் கருவிக்கான பூஸ்டர் பம்ப். பெரிய பம்ப் தரும் தண்ணீரை வாங்கித்தான் இது வேலை செய்யும். பெரியவர் தூங்கும்போது சின்னவர் ஓடினால், தண்ணீரில்லாமல் காய்ந்து சீல் உருகிவிடும். எனவே அண்ணன் எழுந்த பிறகுதான் தம்பி எழ வேண்டும். தம்பி படுத்த பிறகுதான் அண்ணன் படுக்கலாம்.

இப்போது கவனியுங்கள். இரண்டு டைமர்களுக்கும் தனித்தனி லைனிலிருந்து கரண்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லைன் மட்டும் மூன்று மணி நேரம் போகிறது. அந்த டைமரின் கடிகாரம் நின்றுவிடும்! கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும், மூன்று மணி நேரம் லேட்டாக. மற்றது சரியான நேரத்தில் போகும். அண்ணன் தூங்க, தம்பி ஓட ஆரம்பித்துவிடுவான். வாரனின் கடிகாரம் மின்சாரத்தை நம்பி ஓடுகிறது. அதுதான் அதன் பலம், பலவீனம் எல்லாமே.

இதெல்லாம் பணம் சம்பந்தப்பட்ட நஷ்டம். உயிர் சம்பந்தப்பட்டது வேறு இடத்தில் ஒளிந்திருந்தது.

நம் ஊரில் வீட்டுக்கு வரும் இரண்டு கம்பிகளில் ஒன்றில்தான் கரண்ட், மற்றது நியூட்ரல். அமெரிக்காவில் 240 வோல்ட் பம்ப்புக்குப் போகும் இரண்டு கம்பிகளிலுமே கரண்ட் உண்டு. டைமர் ஒரு கம்பியை மட்டும் துண்டித்தால் மோட்டார் நின்றுவிடும். வீட்டுக்காரர், ‘ஆஃப் ஆகிவிட்டது’ என்று நிம்மதியாகக் குளத்தில் இறங்குவார். மோட்டாரின் உள்ளே இன்னொரு கம்பி முழு உயிரோடு உட்கார்ந்திருக்கும்! அதனால்தான் இரண்டு கம்பிகளையும் ஒரே நேரத்தில் வெட்டும் டைமர் அங்கே கட்டாயத் தேவை. அப்போதுகூட, பம்ப் ஓடும் நேரத்தில் கரண்ட் கசிந்தால்? விளக்குக்குள் தண்ணீர் புகுந்தால்? டைமருக்கு நேரம் மட்டும்தான் தெரியும். கசிவு தெரியாது.

ஃப்யூஸ் இருக்கிறதே என்பீர்கள். அமெரிக்க வீட்டு ஃப்யூஸ் 15 ஆம்பியருக்கு மேல் போனால்தான் உருகும். அது கம்பிகள் எரியாமல் காப்பாற்ற வந்தது. மனிதனைக் காப்பாற்ற வந்ததல்ல.

மனிதனுக்கு எவ்வளவு கரண்ட் ஆபத்து? கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டால்ஸீல் என்ற பேராசிரியர் இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்தார். தைரியசாலிகளான 134 ஆண்கள், 28 பெண்கள். ஆளுக்கொரு கம்பியைக் கையில் கொடுத்து, கரண்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, “விடுங்கள் பார்க்கலாம்” என்றார். ஓர் அளவுக்கு மேல் விரல்கள் தானாக இறுகிக்கொண்டன. விட நினைத்தாலும் கை விடவில்லை! ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர். பெண்களுக்கு பத்தரை. ஒரு 60 வாட் பல்ப் அங்கே 500 மில்லி ஆம்பியர் சாப்பிடும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

இங்கேதான் முதல் கேள்விக்கு விடை. தரையில் நிற்பவர் இந்த அளவு கரண்ட்டில் சிக்கினாலும் மூச்சாவது விடலாம். தண்ணீரில் இருப்பவருக்குக் கை, கால் மரத்துப்போனால் நீந்த முடியாது, கத்த முடியாது. உடம்பில் காயம் இருக்காது. ‘நீரில் மூழ்கி மரணம்’ என்று எழுதி ஃபைலை மூடிவிடலாம்.

இந்தத் திருடனைப் பிடிக்கும் வழி தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கங்களில் கிடைத்தது. ஹென்றி ரூபின் என்ற இன்ஜினீயர் அங்கே மின்சார விபத்துகளோடு மல்லாடிக்கொண்டிருந்தார். தத்துவம் எளிமையானது. ஸ்கூலுக்குப் போன பிள்ளைகளை வாசலில் நின்று எண்ணும் தாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பியில் போன கரண்ட் முழுவதும் மறு கம்பியில் திரும்பி வர வேண்டும். குறைந்தால்? நடுவே யாருடைய உடம்பு வழியாகவோ பூமிக்குப் போய்விட்டது என்று அர்த்தம். உடனே லைனை வெட்டு! அதுவரை இத்தகைய கருவிகள் சுமார் 10 ஆம்பியர் தொலைந்த பிறகுதான் விழித்துக்கொள்ளும். ரூபின் 1956-ல் செய்த மாதிரியோ 20 மில்லி ஆம்பியருக்கும் குறைவாகக் காணாமல் போனாலே கண்டுபிடித்தது. சுரங்க ஊழியர்களின் வீடுகளில் மாட்டப்பட்ட ஆரம்பக் கருவிகளில் ஒன்று, ஸ்டில்ஃபோன்டைனில் ஷாக் அடித்த ஒரு பெண்ணின் உயிரைக் காப்பாற்றியது.

டால்ஸீல் இன்னும் கறாரானவர். கையை விட முடியாமல் போகும் அளவுக்கும் கீழே, 5 மில்லி ஆம்பியரில் வெட்டும் டிரான்சிஸ்டர் கருவியை உருவாக்கி 1965-ல் பேட்டன்ட் வாங்கினார். ஃப்யூஸ் கவனிக்கும் அளவில் மூவாயிரத்தில் ஒரு பங்கு!

அமெரிக்காவின் நேஷனல் எலெக்ட்ரிகல் கோட் 1962-ல் நீச்சல் குளத்துக்கென்றே தனி அத்தியாயம் சேர்த்தது. 1968-ல் டால்ஸீல் வகைக் கருவிக்கு அந்தச் சட்டப் புத்தகத்தில் முதன்முதலாக இடம் கிடைத்தபோது, அது சமையலறைக்கோ குளியலறைக்கோ அல்ல... நீச்சல் குளத்தின் நீரடி விளக்குக்கு! பாத்ரூமுக்கு வர 1975 ஆனது. குளத்தைச் சுற்றியுள்ள ஏணி, கைப்பிடி, பம்ப்பின் உடல் என எல்லா உலோகங்களையும் ஒரே செம்புக் கம்பியால் பிணைக்கும் ஏற்பாடும் உண்டு. ஒன்றுக்கொன்று வோல்டேஜ் வித்தியாசம் இல்லாவிட்டால், இரண்டையும் தொடும் உடம்பு வழியாகக் கரண்ட் ஏன் ஓடப்போகிறது?

நம் வீடுகளில் மாட்டப்படும் ஆர்.சி.சி.பி-யும் இதே குடும்பம்தான். பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர். அதில் ‘டி’ என்று எழுதிய சின்னப் பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறையாவது அழுத்திப் பாருங்கள். பட்டென்று விழ வேண்டும். விழவில்லையென்றால் அன்றைக்கே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். விழுந்தால், மறுபடி தூக்கிவிட்டு மோட்டார் டைமரின் கடிகாரத்தையும் ஒரு பார்வை பாருங்கள். வாரனின் பேரப்பிள்ளையாக இருந்தால், நீங்கள் சோதித்த நேரமெல்லாம் அதுவும் நின்றுபோயிருக்கும்.