பதினொரு நாளும் ஒரு பகலும்



2022 செப்டெம்பர் 19, எலிசபெத் மகாராணியின் இறுதிச்சடங்கு. நமது நாட்டிலும் அரச விடுமுறை. அடுத்த நாள் வகுப்பில் பிள்ளைகள் நம்மிடம் கேட்டது ஒன்றுதான்: "சேர், பதினொரு நாள் வச்சிருந்தாங்களே, உடம்பு பழுதாகாதா?"

நியாயமான கேள்வி. பெட்டியின் உட்புறம் ஈயத் தகடு; காற்றும் ஈரமும் உள்ளே போகாது. அந்தப் பாரத்தைத் தூக்க எட்டுச் சிப்பாய்கள். வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் சுமார் இரண்டரை இலட்சம் பேர் வரிசையில் நின்று பார்த்தது மூடிய பெட்டியைத்தான்.

சவூதி மன்னர் அப்துல்லாஹ் 2015 ஜனவரி 23 அதிகாலை மௌத்தானார். அன்றே அஸருக்குப் பிறகு ஜனாஸாத் தொழுகை. சாதாரண கபன் துணியோடு, றியாத் அல்-ஊத் மையவாடியில், பெயர் எழுதாத கபுறில் அடக்கினார்கள்.

இரண்டும் மரியாதைதான். அவரவர் வழக்கப்படி நடந்தது.

நம் மண்ணில்? 2009இல் வன்னியில் எத்தனையோ குடும்பங்களுக்குத் தங்கள் உறவை அடக்கவோ எரிக்கவோ அவகாசமே கிடைக்கவில்லை. 2020இல் கொரோனாவில் மௌத்தான நம்மவர்களைக் கட்டாயமாக எரித்தார்கள். 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் அடக்க விட்டார்கள்.

எத்தனை நாள் வைத்தார்கள் என்பதல்ல, வழியனுப்பும் உரிமை சொந்தங்களிடம் இருந்ததா என்பதே கேள்வி. பிள்ளைகளுக்கு அதையும் சொல்லிக் கொடுப்போம்.