காகிதமும் தானியமும்

காமயகவுண்டன்பட்டியில் காந்திக்கு ஒரு கோயில் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து சுதந்திரப் போராட்டத்துக்கு நிறையப் பேரைக் கொடுத்த ஊர் அது. ஜெயிலுக்குப் போனவர்களை ஊர் மறக்கவில்லை. ஆனால் அவர்கள் உள்ளே இருந்த மாதங்களில் வீட்டில் உலை எப்படிக் கொதித்தது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. நமது தேசிய சரித்திரம் திண்ணையோடு நின்றுவிடுகிறது. அடுப்படிக்குள் அது நுழைந்ததே இல்லை.

1942இல் ஜெயிலுக்குப் போனவர்களின் வீடுகளுக்கு அது யுத்த காலமும்கூட. பர்மா ஜப்பானியர் வசம் போனதும் சென்னை மாகாணத்துக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. சர்க்கார் ராணுவத்துக்காகச் சரக்குகளை வாங்கி, விலையாக நோட்டுகளை அச்சடித்துக் கொடுத்தது. இந்தியாவுக்கு பிரிட்டன் தர வேண்டியது லண்டனில் ஸ்டெர்லிங் கணக்காக ஏறிக்கொண்டே போய், யுத்த முடிவில் சுமார் 130 கோடி பவுனாக நின்றது. தானியம் போயிற்று, காகிதம் வந்தது. இதைத்தான் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா, ரொட்டி கேட்டவனுக்குக் கல்லைக் கொடுப்பது என்ற பைபிள் உவமையைத் தலைப்பாக்கி எழுதினார். அதற்காகச் சிறை சென்றார். மையப்படுத்தப்பட்ட உற்பத்தியும் யுத்தமும் ஒன்றையொன்று ஈனுபவை என்ற அவரது சிந்தனை, ஜபல்பூர் சிறையில் எழுதிய 'எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்' நூலில் முழு உருப் பெற்றது.

யுத்தத்துக்குப் பின் புனரமைப்பு முயற்சிகள் இதே மதுரை ஜில்லாவில்தான் வேர்விட்டன. 1944இல் காலமான கஸ்தூரிபாவின் பெயரில் கிராமப் பெண்களுக்கான நிதி ஏற்பட்டது. அதன் தமிழ்நாட்டுப் பணியை ஏற்ற டாக்டர் சௌந்தரம், கணவர் ஜி. ராமச்சந்திரனுடன் 1947இல் சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார். குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைக் கல்லுப்பட்டியில், 1940இல் தொடங்கிய காந்தி நிகேதனில் கழித்தார்.

ராட்டையைக் கேலி செய்வது நம் இலக்கிய வட்டத்தில் சுலபம். நானும் செய்திருக்கிறேன். ஆனால் ராட்டைக்குள் ஒரு தீவிரமான தர்க்கம் நடந்திருக்கிறது. நூற்பவளுக்கு உயிர் வாழப் போதுமான குறைந்தபட்சக் கூலி வேண்டும் என்று 1935இல் காந்தி சர்க்கா சங்கத்தில் வற்புறுத்தினார். கூலி ஏறினால் கதர் விலை ஏறும், விலை ஏறினால் விற்காது என்று சொந்த ஊழியர்களே ஆட்சேபித்தார்கள். அவர்கள் சொன்னதும் பொய்யில்லை. இருந்தாலும் கூலி உயர்த்தப்பட்டது. ஒரு பெண்ணின் உழைப்புக்கு விலை வைப்பது யார் என்ற கேள்வி அப்போது ஒருமுறையாவது உரக்கக் கேட்கப்பட்டது.

வன்னியில் அந்தக் கேள்வி எழவே இல்லை. 2009 மே மாதம் யுத்தம் முடிந்தபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கணவனைப் பறிகொடுத்தவர்களும், எங்கே இருக்கிறான் என்று தேடிக்கொண்டிருந்தவர்களும் குடும்பச் சுமையைத் தூக்கினார்கள். கோழிக்குஞ்சு, ஆடு, தையல் மெஷின் என்று உதவிகள் வந்தன. எல்லாரும் முட்டை விற்றால் வாங்குவது யார்? திறந்த சாலை வழியே தெற்கின் மலிவுச் சரக்கு வந்தது. கடன் கொடுக்கும் கம்பெனிகளும் வந்தன. பெண்களைக் குழுவாக உட்காரவைத்து ஒருத்தியின் கடனுக்கு மற்றவர்களை ஜாமீனாக்கினார்கள். வாரத் தவணை தவறினால் வசூல்காரன் வாசலில் நிற்பான். ஒரு கடனை அடைக்க இன்னொன்று. 2018இல் இலங்கை அரசு, வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வர வேண்டியதாயிற்று.

1942இல் தானியத்தை எடுத்துக்கொண்டு காகிதத்தைக் கொடுத்தார்கள். வன்னியில் காகிதத்தை முதலில் கொடுத்து, தானியத்தைப் பின்னால் எடுத்துக்கொண்டார்கள். முதலாவதை யுத்தச் சுரண்டல் என்கிறோம். இரண்டாவதற்கு 'சுயதொழில்' என்று பெயர்.

யுத்தம் வராத கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து விடியுமுன் ஜீப்புகள் பெண்களை அடைத்துக்கொண்டு கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு மலையேறுகின்றன. இங்கு விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் காகிதத்தில் பள்ளத்தாக்கின் பெயர் இருக்கிறது. குலையைப் பறித்து அடுக்குபவளின் கூலி பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. 1935இன் கேள்வியைக் கோயிலுக்குள் வைத்துப் பூட்டிவிட்டோம். அதைத் திரும்ப எடுத்துவராமல் எந்தப் புனரமைப்பைப் பற்றிப் பேசினாலும் அது இன்னொரு காகிதம்தான்.