யூடோரா: ஒரு சிறுகதையின் பெயர் தாங்கிய அஞ்சற்பெட்டி

மேசைக் கணினியில் நிறுவிக்கொள்ளத்தக்க, பாதுகாப்பும் வசதியும் ஒருங்கே அமைந்த மின்னஞ்சல் மென்பொருள் எது என்று இலக்கிய நண்பர்கள் நம்மிடம் அவ்வப்போது வினவுவதுண்டு. தமிழ் பயிற்றுவிப்போரிடம் கேட்கத்தக்க வினாதானா இது என்று தோன்றலாம். ஆயினும், கடிதத்தை இலக்கியத்தின் ஒரு வகையாக ஏற்றுக்கொண்ட பிறகு, அக்கடிதம் தங்கும் இடத்தைப் பற்றிக் கவலைப்படுவதும் நம் பணியாகிவிடுகிறது. ஒரு பெயரைச் சொல்லி விடையை முடித்துவிடலாம். அதைவிட, இத்தகைய மென்பொருள்களுள் பெரும்புகழ் பெற்று மறைந்த ஒன்றின் வரலாற்றை நோக்கினால் தேர்ந்தெடுக்கும் முறையே நமக்குப் பிடிபடும்.

1971-ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் என்னும் பொறியாளர் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குச் செய்தி அனுப்பினார். பயனர் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க இன்று நாம் பயன்படுத்தும் சுழிக் குறியைத் தேர்ந்தவரும் அவரே. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக மின்னஞ்சல் பெரும்பாலும் பல்கலைக்கழக, ஆய்வகக் கணினிகளில் கட்டளைகளைத் தட்டச்சுச் செய்து படிக்கும் ஒன்றாகவே இருந்தது.

1988-இல் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஸ்டீவ் டார்னர், மெக்கின்டாஷ் கணினிக்கென ஓர் அஞ்சல் மென்பொருளை எழுதத் தொடங்கினார். முதற்பதிப்பை முடிக்க ஓராண்டுக்குச் சற்று மேலாயிற்று. சி மொழியில் ஏறத்தாழ 50,000 வரிகள். அஞ்சலைப் பற்றியே நாளெல்லாம் சிந்தித்துக்கொண்டிருந்த அவருக்கு முன்பு படித்த ஒரு சிறுகதை நினைவுக்கு வந்தது. மிசிசிப்பி மாநிலத்து எழுத்தாளர் யூடோரா வெல்டி 1941-இல் வெளியிட்ட, ‘நான் ஏன் தபால் நிலையத்தில் வாழ்கிறேன்’ என்று நாம் தமிழாக்கத்தக்க தலைப்புடைய கதை அது. சிற்றூர் ஒன்றின் அஞ்சலகத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஒருத்தி, வீட்டாரோடு பிணங்கித் தன் தட்டுமுட்டுப் பொருள்களையெல்லாம் தூக்கிக்கொண்டு அஞ்சலகத்திலேயே குடியேறிவிடுகிறாள். டார்னர் தம் மென்பொருளுக்கு ‘யூடோரா’ என்றே பெயரிட்டார். அஞ்சலகத்துக்கு நாம் போவதற்கு மாறாக, நாம் வாழும் இடத்துக்கு அஞ்சலகத்தைக் கொண்டு வருவதே அவர் கருதிய நோக்கம்.

இப்பெயரில் ஒரு நுட்பமான உண்மை அடங்கியிருக்கிறது. யூடோரா ‘பாப்’ என்னும் அஞ்சல் நெறிமுறையைப் பயன்படுத்தியது. அந்நெறிமுறையின் வழக்கமான முறைப்படி, வழங்கியில் வந்து காத்திருக்கும் கடிதங்கள் நம் கணினிக்கு இறங்கிவிடும். வழங்கியில் அவை அழிக்கப்பட்டுவிடும். இணைய இணைப்பு மணிக்கணக்கில் விலையுடையதாக இருந்த காலத்தில், இணைப்பைத் துண்டித்துவிட்டு நிதானமாகப் படிக்கவும் மறுமொழி எழுதவும் இது வழிசெய்தது. 1991-இல் குவால்காம் நிறுவனம் இதன் உரிமத்தைப் பெற்றது. பின்னர் விண்டோஸுக்கும் பதிப்புகள் வந்தன; தொண்ணூறுகளில் உலகெங்கும் பரவின. 2000-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஒரு வேடிக்கை: நாம் எழுதும் கடிதத்தில் கடுஞ்சொற்கள் மிகுந்தால், காரத்தின் அளவுக்கேற்ப ஒன்று முதல் மூன்று மிளகாய்ப் படங்களைக் காட்டி எச்சரிக்கும்!

இக்காலத்திலேயே பாதுகாப்பு என்னும் கேள்வி பூதாகரமாக எழுந்தது. 1999 மார்ச்சில் ‘மெலிசா’ என்னும் நச்சுநிரல், வேர்டு ஆவணமாக வந்து, அவுட்லுக் முகவரிப் புத்தகத்தின் முதல் ஐம்பது பேருக்குத் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. அவ்வாண்டு நவம்பரில் அறியப்பட்ட ‘பபிள்பாய்’ இணைப்புக் கோப்பே இல்லாமல் வந்தது. அவுட்லுக் எக்ஸ்பிரஸில், கடிதத்தைத் திறக்காமல் முன்னோட்டச் சட்டத்தில் பார்த்தாலே அது இயங்கிவிடும். 2000 மே மாதத்தில் காதல் கடிதம் என்ற போர்வையில் வந்த நிரல் உலகையே உலுக்கியது. அதன் கோப்புப் பெயர் உரைக்கோப்பின் பின்னொட்டைக் காட்டி, அதற்கும் பின்னே நிரலுக்குரிய பின்னொட்டைக் கொண்டிருந்தது. விண்டோஸ் அறிந்த பின்னொட்டுகளை இயல்பாகவே மறைத்துவிடுமாதலால், பார்ப்பவருக்கு அது வெறும் உரையாகவே தோன்றியது. திறந்தவரின் படக் கோப்புகள் சிதைந்தன. அவுட்லுக் முகவரிப் புத்தகத்திலிருந்த அனைவருக்கும் அதே ‘காதல் கடிதம்’ பறந்தது.

அவுட்லுக்கைப் பயன்படுத்தாத யூடோரா பயனர் ஒருவர் அக்கோப்பைத் திறந்திருந்தால் அவர் கோப்புகளும் சிதைந்திருக்கும். ஆனால் அவர் நண்பர்களுக்கு அது பரவியிருக்காது. இதிலிருந்து நாம் அறிவது ஒன்றுண்டு. மென்பொருள் தானாகவே செய்யும் காரியங்கள் மிகுந்தோறும் அயலார் அதனைக் கொண்டு செய்விக்கத்தக்க காரியங்களும் மிகும். அலங்காரக் கடிதங்களைக் காட்டுதல், தொலைவிலுள்ள படங்களைக் கேளாமலே இறக்குதல், முகவரிப் புத்தகத்தைப் பிற நிரல்களுக்குத் திறந்துவிடுதல் ஆகிய வசதிகள் ஒவ்வொன்றும் ஒரு வாயில். படம் இறங்கும்போதே, நாம் கடிதத்தைத் திறந்துவிட்டோம் என்ற செய்தி அனுப்பியவருக்குப் போய்ச் சேர்வதும் இவ்வழியே.

மற்றோர் ஆபத்தை நாம் எங்கள் துறையிலேயே கண்டோம். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் பழஞ்சுவடிகளின் பாடவேறுபாடுகள் குறித்து அறிஞர் பலரோடு ஆண்டுக்கணக்கில் மின்னஞ்சலில் உரையாடி வந்தார். அவர் பயன்படுத்திய மென்பொருள் எல்லாக் கடிதங்களையும் தனக்கே உரிய வடிவில் ஒரே பெருங்கோப்பாகக் கட்டிவைத்திருந்தது. ஒருநாள் அது திறக்க மறுத்தது. மீட்கும் கருவிகள் சிலவற்றை முயன்றும் கிடைத்தவை துண்டு துணுக்குகளே. அவ்வுரையாடலின் ஒரு பகுதி எவ்வாறு பிழைத்தது தெரியுமா? மறுமுனையில் இருந்த அறிஞர் யூடோராவைப் பயன்படுத்தியவர். யூடோரா கடிதங்களை வெற்று உரைக் கோப்புகளாகவே சேமிக்கும். எந்த உரைத்தொகுப்பானிலும் அவற்றைத் திறக்கலாம். திறந்தோம். வந்ததோ பொருளற்ற குறியீட்டுக் குவியல்! அக்கடிதங்கள் திஸ்கி குறிமுறையில் எழுதப்பட்டவை. குறிமாற்றி கொண்டு ஒருங்குறிக்கு மாற்றியபோது, ஒரு பாடலின் ஈற்றடியைக் குறித்து இருவரும் வாதிட்டது வரி வரியாகக் கண்முன் எழுந்தது. செல்லரித்த ஏட்டில் எஞ்சிய பாடலைக் கண்டவரின் மகிழ்ச்சியை அன்று நாமும் ஓரளவு அறிந்தோம்.

யூடோராவின் குறையும் இக்குறிமுறையிலேயே இருந்தது. எட்டுத்துணுக்கு எழுத்துருக்களைக் கொண்டு தமிழ் எழுதிய காலத்தில் அது நமக்கு ஈடுகொடுத்தது. தமிழ் ஒருங்குறிக்கு நகர்ந்தபோது அதனால் உடன்வர இயலவில்லை. 2006 அக்டோபரில் விண்டோஸுக்கான அதன் இறுதிப் பதிப்பு வந்தது. 2018-இல் அமெரிக்காவின் கணினி வரலாற்று அருங்காட்சியகம், குவால்காமின் இசைவோடு அதன் மூலநிரலைப் பொதுவில் வெளியிட்டது.

மொசில்லா அறக்கட்டளையின் தண்டர்பேர்டு முதற்பதிப்பு 2004 டிசம்பரில் வெளிவந்தது. இது திறந்த மூலநிரல் கொண்டது. கடிதங்களை இயல்பாக வெற்று உரைக் கோப்புகளில் சேமிப்பது. தொலைப் படங்களைக் கேட்டாலன்றிக் காட்டாதது. ஒருங்குறித் தமிழை முறையாகக் கையாள்வது. 2012-இல் மொசில்லா இதன் வளர்ச்சிப் பணியைச் சுருக்கிக்கொண்டபோது, யூடோராவின் கதியே இதற்கும் நேருமோ என்று அஞ்சினோம். தன்னார்வலரும் நன்கொடையாளரும் காத்தனர். 2020-இல் ஓபன்பிஜிபி முறையில் கடிதங்களை மறைகுறியாக்கும் வசதி இதிலேயே உள்ளிணைந்தது. ஆனால் எதுவும் முற்றும் காப்பானது என்று எண்ணிவிடலாகாது. 2018-இல் வெளிப்பட்ட ‘ஈஃபெயில்’ என்னும் ஓட்டை, மறைகுறியாக்கிய கடிதங்களையும் அலங்காரக் காட்சியின் வழியே கசியவிடக்கூடியதாக இருந்தது. தண்டர்பேர்டும் அதற்குத் தப்பவில்லை.

எனவே, நண்பர்களுக்கு நாம் கூறுவது இதுவே. எந்த மென்பொருளாயினும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். கடிதங்களைப் பிற மென்பொருள்களும் படிக்கத்தக்க வடிவில் வைக்கிறதா? நம்மைக் கேளாமல் எதையேனும் இயக்குகிறதா, இறக்குகிறதா? தமிழை ஒருங்குறியில் சிதையாமல் காக்கிறதா? அதன் ஓட்டைகளை அடைப்போர் இன்றும் இருக்கின்றனரா? இந்நான்குக்கும் தண்டர்பேர்டு நிறைவான விடை தருவதால் நாம் அதனைப் பயன்படுத்துகிறோம். வழங்கியிலேயே கடிதங்களை வைத்துக்கொண்டு ஒத்திசைக்கும் ‘ஐமேப்’ முறை வசதியானதுதான். ஆனால் அங்கே அழிந்தது இங்கேயும் அழியும் என்பதை மறவாமல், ஆண்டுக்கு இருமுறையேனும் தனி வட்டு ஒன்றில் படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெல்டி 2001-இல் மறைந்தார். அவரும் எழுத்தாளர் வில்லியம் மாக்ஸ்வெல்லும் எழுதிக்கொண்ட கடிதங்கள் 2011-இல் நூலாக வந்தன. தாளில் எழுதப்பட்டவை அவை, பெட்டிகளில் காத்துக்கிடந்தன. நம் தலைமுறை எழுத்தாளர்களின் கடிதங்களோ கோப்புகளில் கிடக்கின்றன. அவற்றை நாளை ஒருவர் தொகுக்க முனைந்தால், கோப்பு திறக்கவேண்டும், எழுத்தும் தெரியவேண்டும்.