புழுங்கலரிசியும் பெரிபெரி நோயும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளரைப் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கில் மாய்த்தது. கால்கள் மரத்துத் தளரும். உடலில் நீர் கோத்து வீங்கும். ஈற்றில் இதயம் ஓய்ந்துவிடும். தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்ப் பாட்டாளிகளை மலேரியா வாரிக்கொண்டு போயிற்று. பெரிபெரியோ அவர்களை அரிதாகவே தீண்டிற்று. கம்பத்து மலாய்க்காரரும் பெரும்பாலும் தப்பினர்.

இவ்வேறுபாடு இனத்தின் உடற்கூற்றால் வந்தது என்றனர் சிலர். தங்குமிடத்தில் கிருமி உறைகிறது என்றனர் வேறு சிலர். கிருமியியல் தலைநிமிர்ந்து நின்ற காலமாதலின் இக்கருத்துக்குச் செல்வாக்கு மிகுதி. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் மட்டும் சோற்றுப் பானையை நோக்கினார். சீனர் உண்டது ஆலையில் வெண்மையாகத் தீட்டிய சயாம் அரிசி. மலாய்க்காரர் உண்டது வீட்டில் குத்திய அரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. 1907இல் நூலாகவே இதனை வெளியிட்டார். ஆயினும், பழைய அரிசியில் நஞ்சு தோன்றுகிறது என்று அவர் கருதியது பிழையாயிற்று.

கோலாலம்பூர் மனநோய் விடுதியில் மருத்துவர் பிளெச்சர் 1906இல் இதனைச் சோதித்தார். நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணி, ஒன்றுவிட்டு ஒருவராக இரு பிரிவாக்கினார். வெள்ளரிசி உண்ட 120 பேருள் முப்பதுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேருள் நோய் கண்டோர் இருவரே; அவர்களும் வரும்போதே நோயோடு வந்தவர்கள். இடத்தின் மீதான ஐயத்தைப் போக்க, இரு பிரிவினரின் தங்குமிடங்களையும் இடையில் மாற்றினார். மனம் பேதலித்த அவர்களுக்குத் தாம் சோதனைப் பொருளானது தெரிந்திருக்குமா? இன்று இத்தகைய சோதனைக்கு எவரும் ஒப்பார்.

இன ஐயம் எஞ்சியிருந்தது. கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும், நெகிரி செம்பிலான் காட்டில் சாலை அமைத்த ஏறத்தாழ 300 ஜாவானியரை இரு பிரிவாக்கினர். இனம் ஒன்று, புதுக்காடாதலின் பழைய கிருமி உறைய வழியில்லை. நோய் வெள்ளரிசிக் குழுவிலேயே தோன்றிற்று. அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் அரிசியோடு இடம் மாறிற்று.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்குகிறது. பின்னர்த் தீட்டினாலும் பெரும்பகுதி அழிவதில்லை. தமிழரைக் காத்தது குருதியன்று, பழக்கமே. அதுவும் நோய்க்கு அஞ்சிக் கொண்ட பழக்கமன்று. சுரங்கத் தொழிலாளனும் வெள்ளரிசியை விரும்பித் தேர்ந்தான் என்று சொல்வதற்கில்லை. அவனுக்கு அளக்கப்பட்டது அது.

பிறவிக்கூற்றுக்கு இதில் பங்கேயில்லை என்பதும் மிகையாகும். தயமினை உயிரணுவுக்குள் கொண்டுசெல்லும் மரபணு பழுதுற்றுப் பிறக்கும் அரிதான சிலர், நல்லுணவு உண்டும் நலிவதைப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. அது தனிமனிதரின் கூறு. சீனர், தமிழர் என்னும் பிரிவினையோடு அதற்குத் தொடர்பில்லை.

1926இல் ஜான்சன், டோனத் என்னும் இருவர் ஜாவாவில் தயமினைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். அவர்கள் அதனை எடுத்தது, ஆலைகள் கழித்துத் தள்ளிய தவிட்டிலிருந்துதான்.