அச்சங்குளம் வெடிவிபத்தும் இடர் மதிப்பீட்டின் வரலாறும்: சுரங்கச் சட்டங்களோடு ஓர் ஒப்பீடு

முன்னுரை

விருதுநகர் மாவட்டம் சாத்தூர் வட்டாரத்திலுள்ள அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12 அன்று பிற்பகலில் பட்டாசு ஆலை ஒன்று வெடித்துச் சிதறியது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இவ்வழக்கைத் தானாக முன்வந்து எடுத்துக்கொண்டு, நீதியரசர் கே. கண்ணன் தலைமையில் குழு ஒன்றை அமைத்தது. உயிரிழந்தோர் குடும்பங்களுக்குத் தலா 20 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது. உரிமம் பெற்ற ஆலைதான் அது; ஆனால் அதன் அறைகள் பலருக்கு உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தன.

இத்தகைய விபத்துகளைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் ‘மருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வு’ என்னும் தொடரோடு முடிந்துவிடுகின்றன. உராய்வு வெடிப்புக்குக் காரணமாகலாம். இருபது பேர் இறந்தமைக்கு அது காரணமாகாது. ஒரு வெடிப்பு எத்தனை பேரைக் கொல்லும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு வரம்பிடுவதே வெடிபொருள் சட்டத்தின் நோக்கம். அக்கணக்கு எவ்வாறு உருவானது, எங்கே முறிந்தது என்பதைச் சுரங்கத் தொழிலின் சட்ட வரலாற்றோடு வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

கோலாரிலிருந்து தன்பாத் வரை

இரு தொழில்களுக்குமான சட்டங்கள் ஒரே காலகட்டத்தில் பிறந்தவை. இந்திய வெடிபொருள் சட்டம் 1884இல் இயற்றப்பட்டது. அதை நடைமுறைப்படுத்தும் துறை 1898இல் தோன்றியது. சுரங்கங்களைப் பொறுத்தவரை, 1897இல் கோலார் தங்கவயலில் 52 பேரும் பலுசிஸ்தானத்துக் கோஸ்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் 47 பேரும் இறந்த விபத்துகள் சட்டம் இயற்றும் பணியை விரைவுபடுத்தின. முதல் சுரங்கச் சட்டம் 1901இல் வந்தது. 1902 ஜனவரி 7 அன்று கல்கத்தாவில் சுரங்க ஆய்வுப் பணியகம் அமைந்து, 1908இல் அதன் தலைமையகம் தன்பாத்துக்கு மாறியது. கோலாரில் பூமிக்கடியில் உழைத்தவர்களுள் வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து சென்ற தமிழர் பெருந்தொகையினர். இந்தியச் சுரங்கப் பாதுகாப்பின் வரலாற்றைத் தமிழ்த் தொழிலாளர் வரலாற்றின் ஒரு பகுதியாகவும் படிக்கலாம். நம் ஆய்வுகள் இதைப் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் கருத்து.

தொடக்கத்தில் இரண்டும் விதிகளை எழுதி ஆய்வாளரைக் கொண்டு சரிபார்க்கும் முறையையே பின்பற்றின. அம்முறையின் எல்லையைச் சாஸ்நாலா காட்டியது. 1975 டிசம்பர் 27 அன்று கைவிடப்பட்ட பழைய குடைவில் தேங்கியிருந்த நீர் உடைத்துப் பாய்ந்து 375 பேரைப் பலிகொண்டது. பழைய குடைவுகளின் நீரால் நேரும் ஆபத்து அன்றைய விதிகள் அறியாத ஒன்றன்று.

இடரை உருவாக்குபவரே அதை மதிப்பிடவும் வேண்டும் என்ற கருத்தை 1972இல் பிரிட்டனின் ராபன்ஸ் குழு அறிக்கை முன்வைத்தது. சுரங்கங்களில் அக்கருத்து வேரூன்றுவதற்கு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 1994 ஆகஸ்ட் 7 அன்று மௌரா சுரங்கத்தில் 11 பேர் இறந்த விபத்து முக்கியக் காரணமாயிற்று. நிலக்கரி தானாகச் சூடேறிவருவதற்கான அறிகுறிகள் அங்கே முன்பே தென்பட்டிருந்தன; கண்டவர்களிடமிருந்து அச்செய்தி முடிவெடுப்பவர்களை உரியவாறு சென்றடையவில்லை. இந்தியாவில் 2017ஆம் ஆண்டு நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறைகள் பாதுகாப்பு மேலாண்மைத் திட்டத்தைக் கட்டாயமாக்கின. ஒவ்வொரு சுரங்கமும் தன் ஆபத்துகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் நிகழும் வாய்ப்பையும் விளைவின் கடுமையையும் மதிப்பிட்டு, கட்டுப்பாட்டு முறைகளையும் பொறுப்பாளர்களையும் குறிக்க வேண்டும்.

அறைக்கு நான்கு பேர்

சிவகாசியின் பாதை வேறு. 1923இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடார், சண்முக நாடார் ஆகியோரின் முயற்சியில் தொடங்கிய தொழில், 1940ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் உரிம முறையைக் கொண்டுவந்தபின் பட்டாசுக்கு விரிந்தது. இன்று வட்டார வழக்கில் ‘நாக்பூர் உரிமம்’, ‘சென்னை உரிமம்’, ‘டி.ஆர்.ஓ. உரிமம்’ என மூன்று படிநிலைகள் பேசப்படுகின்றன. ஒரு நேரத்தில் 15 கிலோவுக்கு மேற்படாத அளவில் தயாரிப்போர்க்கு உரியது மாவட்ட நிருவாகம் தரும் உரிமம்.

2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் ‘இடர் மதிப்பீடு’ என்று பெயர் சூட்டாவிடினும், அவற்றின் அடிப்படை அதுவே. அறைக்கு நான்கு பேர், அறையில் இவ்வளவு மருந்து, அறைகளுக்கிடையே இவ்வளவு தொலைவு என்னும் மூன்று எண்களையும் சேர்த்துப் படித்தால் ஒரு கணக்கு வெளிப்படும். வெடிப்பு நிகழவே கூடும் என அது ஒப்புக்கொள்கிறது. நிகழ்ந்தால் நால்வருக்கு மேல் இறக்கலாகாது என்கிறது. கூரை சரியாமல் தடுக்க முனையும் சுரங்க விதியினின்றும் இது அடிப்படையில் வேறுபட்டது. இதனைக் கொடுமையான கணக்கு என்று சொல்லத் தோன்றும். ஆயினும் பட்டாசுத் தொழிலாளியை இதுவரை காத்துவந்தது பெருமளவும் இக்கணக்கே.

வெடிப்பின் வாய்ப்பைக் குறைக்கும் முயற்சிகளும் இல்லாமல் இல்லை. குளோரேட்டையும் கந்தகத்தையும் சேர்த்த கலவை உராய்வால் எளிதில் பற்றக்கூடியது. 1992 ஜனவரியில் மைய அரசு அதற்குத் தடை விதித்தது. அலுமினியப் பவுடர் ஈரம் பட்டால் சூடேறும். ஆகவே கலந்த மருந்தை மிச்சம் வைத்து மறுநாள் எடுப்பது பெரும் ஆபத்து. இவற்றைத் தொழிலாளர் அறியாதவர் அல்லர். கூலியோ எண்ணிக்கைக்கு ஏற்பக் கணக்கிடப்படுகிறது; தீபாவளியை நோக்கிய மாதங்களில் அறிவுக்கும் அவசரத்துக்கும் இடையே நிகழும் போட்டியில் அறிவு தோற்றுவிடுகிறது.

உள்குத்தகை என்னும் முறிவு

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 38 பேர் இறந்தபோது, முதல் வெடிப்புக்குப்பின் உதவவும் வேடிக்கை பார்க்கவும் ஓடிவந்தவர்களும் அவர்களுள் அடங்குவர். மேற்கண்ட கணக்கு அவர்களை எண்ணியதே இல்லை. அச்சங்குளத்தில் நிகழ்ந்தது வேறொன்று. உரிமத்தோடு இணைந்த வரைபடம் ஒவ்வோர் அறையையும் அதன் பயன்பாட்டையும் வரையறுக்கிறது. ஒருவரே ஆலை முழுமையையும் நடத்துவார் என்பது அதன் முற்கோள். அறைகள் தனித்தனியே குத்தகைக்குப் போகும்போது, ஒவ்வொரு குத்தகைதாரருக்கும் தன் அறையின் உற்பத்தியே கண்ணில் படும். பக்கத்து அறையில் எவ்வளவு மருந்து இருக்கிறது, மரத்தடியில் எத்தனை பேர் அமர்ந்து வேலை செய்கிறார்கள் என்பதை ஒருங்கே காண்பவர் எவரும் இலர். விபத்தின் வாய்ப்பு கூடுகிறது என்பதினும் விளைவுக்கு இருந்த வரம்பு அழிந்துபோகிறது என்பதே முதன்மையானது. ஆய்வாளர் வரும் நாளில் அறைக்கு நான்கு பேர் இருக்கக்கூடும். அடுத்த நாளுக்கு யார் பொறுப்பு?

சுரங்கச் சட்டம் இங்கேதான் வேறுபடுகிறது. 1952ஆம் ஆண்டுச் சட்டம் சுரங்கம் ஒவ்வொன்றுக்கும் தகுதிச் சான்று பெற்ற மேலாளர் ஒருவரைக் கட்டாயமாக்கியது. உரிமையாளர் யாராயினும் அன்றாடக் கட்டுப்பாடு அவருடையது. 1955ஆம் ஆண்டுச் சுரங்க விதிகளில் பின்னர்ச் சேர்க்கப்பட்ட பிரிவு ஒன்று, 500 பேருக்கு மேல் பணியாற்றும் சுரங்கங்களில் தொழிலாளர் தரப்பு ஆய்வாளர் என்னும் பதவியையும் ஏற்படுத்தியது. மௌராவில் அறுந்துபோன செய்தித் தொடர்பை நிலைநிறுத்தக்கூடிய ஏற்பாடு இது. பட்டாசு ஆலையின் போர்மேனும் சான்று பெற்றவரே. ஆயின் உள்குத்தகை அறைக்குள் அவருடைய சொல் எவ்வளவு செல்லும் என்பது ஐயத்துக்குரியது. தொழிலாளர் தரப்பு ஆய்வாளருக்கு இணையான ஒருவர் வெடிபொருள் விதிகளில் இல்லை. சிறு ஆலைகள் மிகுந்த இவ்வட்டாரத்தில் 500 பேர் என்ற வரம்பு பொருந்தாது. ஊர் அளவிலோ ஆலைத் தொகுதி அளவிலோ அப்பதவியை அமைக்க வேண்டியிருக்கும்.

அச்சங்குளத்துக்குப் பின்னும் ரெங்கபாளையம் (2023), செங்கமலப்பட்டி (2024) என ஊர்ப்பெயர்கள் தொடர்ந்தன. உரிம வரைபடங்களையும் போர்மேன் சான்றுகளையும் இழப்பீட்டு வழக்குகளின் ஆவணங்களையும் ஊர்வாரியாக ஒப்பிட்டால், ஒவ்வொரு விபத்தின்போதும் எந்த அறை யார் கையில் இருந்தது என்பதை நிறுவ இயலும். விருதுநகர் மாவட்டத் தொழில் வரலாற்றில் அப்பணி இன்னும் தொடங்கப்பட வேண்டியதாகவே உள்ளது.