பின்பக்கத்தில் பி.ஓ.பி.: மெல்லிய பலகையின் கதை

எங்கட வீட்டுச் சாமியறையில் ஒரு சின்ன மரத்தட்டு இருக்கிறது. அம்மப்பா செய்தது. முன்பக்கம் முழுக்கக் கொடியும் இலையும், நடுவில் ஒரு மயில். எல்லாம் மெல்லிய பலகையில் ஓட்டை ஓட்டையாய் அறுத்தெடுத்த வேலை. 1960களில் அவர் ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றில் கிளாக்கராக இருந்தபோது, மழைக்காலப் பின்னேரங்களில் பொழுது போகாமல் செய்ததாம். போன வருடம் வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கும்போது தட்டு கீழே விழுந்து மயிலின் வால் உடைந்துபோனது.

“அதுக்கென்ன, அதே மாதிரி ஒரு துண்டு வெட்டிப் பொருத்துவம்” என்றான் தம்பி. வாள் சுலபமாகக் கிடைத்தது. யூ வடிவ இரும்புச் சட்டம், அதில் நூல் தடிப்பில் ஒரு அலகு, அவ்வளவுதான். பலகைதான் கிடைக்கவில்லை. மரக்காலையில் கேட்டால், “முக்கால் இஞ்சிக்குக் கீழ அறுக்கிறதில்லை தம்பி, வாளே பாதியைத் தின்னும்” என்றார்கள். பிளைவூட் கேட்டால், எட்டடிக்கு நாலடி முழுத்தாளாக எடுக்க வேண்டுமாம். ஒரு மயில் வாலுக்கு எட்டடிப் பலகையா? கடைசியில் தம்பி ஒரு வேப்பம் பலகைத் துண்டை இழைத்து இழைத்து மெல்லிசாக்கினான். அறுக்கத் தொடங்கிப் பத்து நிமிடத்தில், மரத்தின் நார் ஓடிய வழியே சடக்கென்று பிளந்தது.

அப்போதுதான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. அம்மப்பாவின் பலகை நாலு மில்லிமீற்றர் கூட இல்லை. அவ்வளவு மெல்லிய பலகை அறுபது வருடம் எப்படி நின்றது? தட்டைத் திருப்பிப் பார்த்தேன். விளிம்பில் மூன்று அடுக்குகள் தெரிந்தன. பின்பக்கத்தில் மங்கிய கறுப்பு எழுத்தில் ஆங்கிலத்தில் ‘பி.ஓ.பி.’ என்று பதிந்திருந்தது. அம்மப்பாவின் இனிசல் அது இல்லை.

படம் எடுத்துக் கம்பசில் கூடப் படிக்கிற நண்பனுக்குக் காட்டினேன். அவன் மலையகம். பார்த்த உடனே சிரித்தான். “பி.ஓ.பின்னா தெரியாதா மச்சான்? புரோக்கன் ஒரேஞ்ச் பெக்கோ. தேயிலை கிரேடு. இது தேயிலைப் பெட்டிப் பலகை.”

சாமியறைத் தட்டு ஒரு தேயிலைப் பெட்டி! பிறகு வாசிக்க வாசிக்க ஒன்று விளங்கியது. இந்தக் கலையின் வரலாறு என்று எழுதுகிறவர்கள் எல்லாரும் வாளையும் வடிவங்களையும் பற்றித்தான் எழுதுகிறார்கள். பலகை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அது வேறொரு வரலாறு.

இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் ‘பிறெற்வேர்க்’ என்று பெயர். ஜேர்மன் மொழியில் இந்த வாளுக்கு ‘இலைவாள்’ என்ற பொருளில் பெயர். இலையும் கொடியும் அறுக்கிறதாலதான் அந்தப் பெயர். பிரான்சில் பதினான்காம் லூயி மன்னனின் காலத்தில் ஆந்திரே சார்ல் பூல் என்ற தளபாடக் கலைஞர் மெல்லிய பித்தளைத் தகட்டையும் ஆமை ஓட்டையும் இப்படி நுணுக்கமாக அறுத்து மேசை, அலுமாரிகளில் பதித்தார். அப்போது அது அரண்மனைக் கலை. அதற்குக் காரணம் மரக்காலைக்காரர் சொன்னதேதான். கையால் அறுக்கிற காலத்தில், மெல்லிய பலகை எடுக்க எடுக்க மரத்தூளாகப் போகிற பங்கு கூடும். இரண்டு மில்லிமீற்றர் பலகைக்கு அதேயளவு மரம் தூளாகப் போகலாம். அப்படியொரு சேதத்துக்குக் காசு கொடுக்க ராசாவால்தான் முடியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இது சாதாரண வீடுகளுக்குள் வந்தது. அமெரிக்காவில் 1870களில், தையல் மெஷின் மாதிரிக் காலால் மிதித்து ஓட்டுகிற அறுக்கும் மெஷின்கள் பரவின. இங்கிலாந்தில் நோர்போக் மாவட்டத்தின் டீரம் என்ற சிறு நகரத்திலிருந்து 1895இல் ‘ஹொபீஸ்’ என்ற வாரப் பத்திரிகை வரத் தொடங்கியது. அறுக்கிறதுக்கான வடிவத்தாளைப் பத்திரிகையோடு இலவசமாகக் கொடுத்தார்கள். அதே பெயரிலிருந்த கம்பனி வாள், அலகு, பலகை எல்லாம் விற்றது. வடிவம் சும்மா, பலகைக்குக் காசு. நல்ல வியாபார மூளைதான்.

ஆனால் காசில்லாத பெடியங்களுக்குப் பலகை எங்கே கிடைத்தது? சுருட்டுப் பெட்டியில். அமெரிக்காவில் 1860களில் உள்நாட்டுப் போர்ச் செலவுக்காகச் சுருட்டுக்கு வரி போட்டார்கள். வரி ஏய்க்காமல் இருக்க, சுருட்டைப் பெட்டியில் அடைத்து முத்திரை ஒட்டித்தான் விற்க வேண்டும், வெறுமையான பெட்டியில் திரும்பவும் சுருட்டு அடைக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. ஆக, ஒவ்வொரு கடையிலும் வெறும் பெட்டிகள் குவிந்தன. பெரும்பாலும் கியூபா, மத்திய அமெரிக்கப் பக்கத்து செட்ரெலா மரம். எங்கட வேம்பும் அதே தாவரக் குடும்பம்தான். மெல்லிசு, வாசம், அறுக்க இலகு. வரி அதிகாரிகளுக்காகப் போட்ட ஒரு சட்டம், ஒரு தலைமுறைப் பெடியங்களுக்கு இலவசப் பலகை கொடுத்தது.

இருந்தாலும் செட்ரெலாவும் தனி மரம்தான். நாரின் வழியே அழுத்தினால் எங்கட வேப்பம் பலகை மாதிரியே பிளக்கும். அதற்கு விடை பிளைவூட். அடிமரத்தை வேகவைத்து, சுழலவிட்டு, நீளமான கத்தியை அதன்மேல் பிடித்தால், சுருட்டிய பாயை விரிக்கிற மாதிரி மரம் மெல்லிய தாளாக உரிந்து வரும். வாள் இல்லை, அதனால் தூளும் இல்லை. அந்தத் தாள்களை ஒன்றின் நார் நெடுக்காகவும் அடுத்ததன் நார் குறுக்காகவும் வைத்து ஒட்டினால் எந்தப் பக்கமும் இலேசில் பிளக்காது. அம்மப்பாவின் மயில் அறுபது வருடம் நின்ற இரகசியம் அந்த மூன்று அடுக்குத்தான்.

இந்தத் தொழிலைப் பெரிதாக நடத்திய இடங்களில் ஒன்று பால்டிக் கரையிலிருக்கிற எஸ்தோனியா. அங்கே தலின் நகரத்து லூதர் ஆலை கதிரை இருக்கைகளுக்குப் பிளைவூட் செய்துகொண்டிருந்தது. 1890களின் கடைசியில் அந்தப் பலகையை விற்க லண்டனில் ‘வெனெஸ்டா’ என்ற கம்பனி தொடங்கியது. மெல்லிய மரத்தாளைக் குறிக்கிற ‘வெனியர்’ என்ற சொல்லையும் எஸ்தோனியாவின் பெயரையும் சேர்த்து வைத்த பெயர் அது. அவர்களுடைய முக்கியமான சரக்குகளில் ஒன்று தேயிலைப் பெட்டி.

பால்டிக் கரைப் பெட்டி இலங்கைக்கு ஏன்? இங்கே 1869க்குப் பிறகு இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்தது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலை கோப்பியின் இடத்தைப் பிடித்தது. தேயிலை ஈரத்தையும் வாசத்தையும் இழுக்கும். கனமான மரப்பெட்டி என்றால் கப்பல் கூலி கூடும். மெல்லிய பிளைவூட், உள்ளே ஈயத்தாள், விளிம்பில் தகரப்பட்டி: பெட்டி பாரமில்லை, ஆனால் 100 இறாத்தல் அளவு தேயிலையைத் தாங்கும். வெறும் பெட்டி கப்பலில் வந்தது, நிறைந்த பெட்டி கப்பலில் போனது. லண்டனில் தேயிலையைக் கொட்டிய பிறகு, அந்தப் பெட்டிகள் அங்கத்தைய பெடியங்களுக்கு அறுக்கிற பலகையாகின.

இதோடு சேர்த்து இன்னொரு கதையும் சொல்ல வேண்டும். 1907இல் ஷாக்கிள்டன் தென்துருவப் பயணம் போனபோது சாப்பாட்டுச் சாமான்களை வெனெஸ்டா பெட்டிகளில்தான் கொண்டுபோனார். 1908 குளிர்காலத்தில் அந்தப் பனிக்குள்ளேயே அவருடைய குழு ‘அவ்ரோரா அவுஸ்திராலிஸ்’ என்ற புத்தகத்தை அச்சடித்தது. அட்டைக்குப் பெட்டிப் பலகைதான். அட்டையின் உட்பக்கத்தில் பெட்டியிலிருந்த உணவின் பெயர் இன்னும் தெரியும். இன்று நூலகங்களும் ஏலக்காரர்களும் ஒரு பிரதியைச் சொல்வதே ‘பட்டர் பிரதி’, ‘ஐரிஷ் ஸ்டியூ பிரதி’ என்று அந்த எழுத்தை வைத்துத்தான். அதை வாசித்தபோது எங்கட ‘பி.ஓ.பி. தட்டு’ ஞாபகம் வந்தது. என்ன, அங்கே அந்த எழுத்துக்கு விலை இருக்கிறது. இங்கே அது சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது.

இரண்டாம் உலகப் போர் வந்து கப்பல்கள் தடைப்பட, பெட்டிக்குத் தட்டுப்பாடு வந்தது. காலிக்குப் பக்கத்தில் கிந்தோட்டையில் அரசாங்கம் பிளைவூட் ஆலை தொடங்கியது. பலகைக்கு உள்ளூர் மரம். அதுவரை பால்டிக் காடுகள் கொடுத்த விலையை இனி எங்கட தெற்குக் காடுகள் கொடுக்க வேண்டியிருந்தது. கன்னெலிய காட்டில் மரம் வெட்டினார்கள். 1970களின் தொடக்கத்தில் கொஸ்கமவில் இன்னொரு பெரிய பிளைவூட் ஆலைக்காகச் சிங்கராஜ மழைக்காட்டுக்குள் இயந்திரங்கள் போயின. இயற்கை ஆர்வலர்கள் விடாமல் எதிர்த்தார்கள். 1977இல் வெட்டு நின்றது. 1988இல் சிங்கராஜ யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. பள்ளிக்கூடத்தில் சிங்கராஜவின் குருவிகளைப் பற்றிப் படித்தோம். அந்தக் காடு பிளைவூட்டாகப் போக இருந்தது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

பிறகு தேயிலைக்குத் தடித்த காகிதச் சாக்குகள் வந்தன, மரப்பெட்டி மெல்ல மெல்ல மறைந்தது. தம்பிக்கும் எனக்கும் பலகை கிடைக்காததுக்கு இதுவும் ஒரு காரணம். மெல்லிய பலகை எங்கட ஊரில் ஒருநாளும் தனிச் சரக்காக இருந்ததில்லை. அது வேறு எதற்கோ செய்த பெட்டி. பெட்டி போனதும் பலகையும் போய்விட்டது.

நண்பனிடம் இதெல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவன் கேட்டுவிட்டுச் சொன்னான்: “எங்க லயத்துலயும் அந்தப் பெட்டி இருந்துச்சு மச்சான். உடைஞ்ச பெட்டிதான் எங்களுக்கு வரும். அம்மாயி அதுலதான் அரிசி போட்டு வச்சிருந்தாங்க. பி.ஓ.பி.ன்னு பெட்டியில பார்த்திருக்கோம். ஆனா நாங்க குடிச்சது டஸ்ட்.”

எனக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை. ஒரே தோட்டம், ஒரே பெட்டி. கிளாக்கர் வீட்டில் அது மயிலானது, லயத்தில் அரிசிப்பெட்டியானது. அம்மப்பாவுக்கு அறுக்கிறதுக்குப் பின்னேரங்கள் இருந்தன. விடியக் கொழுந்துக்குப் போன அம்மாயிக்கு இருந்திருக்குமா? அம்மப்பா நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் பொழுதுபோக்கின் வரலாறு எழுதுகிறோம் என்றால், பொழுது யாருக்கு இருந்தது என்றும் எழுதத்தான் வேண்டும்.

உடைந்த வாலுக்குக் கடைசியில் நண்பனே வழி செய்தான். போன லீவில் ஊருக்குப் போனவன், லயத்தில் மிஞ்சிக் கிடந்த ஒரு பெட்டி மூடியைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்து தந்தான். அதே மூன்று அடுக்கு. தடிப்பும் சரியாக இருந்தது. தம்பி இரண்டு நாள் குந்தியிருந்து வாலை அறுத்து ஒட்டினான். புதுத் துண்டு கொஞ்சம் கறுப்பு, உற்றுப் பார்த்தால் ஒட்டுத் தெரியும்.

“ரெண்டு பக்கமும் வார்னிஷ் அடிப்பமா?” என்று தம்பி கேட்டான். முன்பக்கத்துக்கு மட்டும் போதும் என்றேன். பின்பக்கத்து எழுத்து மங்கலாகவாவது அப்படியே இருக்கட்டும். உங்கட வீட்டிலும் இப்படிப் பழைய தட்டோ படச்சட்டமோ இருந்தால், அடுத்த முறை தூசி தட்டும்போது ஒருக்கால் திருப்பிப் பாருங்கோ.