பாரிஸ் பட்டறைகளில் வளர்ந்த கூட்டுக் கல்வி

19ஆம் நூற்றாண்டில் கட்டடக் கலை கற்க விரும்பியவர்கள் பல நாடுகளிலிருந்தும் தேடிச் சென்ற இடம், பாரிஸிலுள்ள எகோல் தே போசார் என்னும் நுண்கலைப் பள்ளி. பள்ளி விரிவுரைகள் நடத்தியது, போட்டிகளை அறிவித்தது, வந்த வரைபடங்களுக்குத் தீர்ப்புச் சொன்னது. வடிவமைக்கக் கற்றுத் தந்தவையோ 'அத்தலியே' எனப்பட்ட பட்டறைகள். 1863 சீர்திருத்தத்துக்குப் பின் மூன்று பட்டறைகள் பள்ளிக்குள்ளேயே அமைந்தன. வெளிப் பட்டறைகளும் தொடர்ந்து இயங்கின.

ஒவ்வொரு பட்டறைக்கும் தொழில் செய்யும் கட்டடக் கலைஞர் ஒருவர் தலைவர். ஆசானைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மாணவர்களுக்கு இருந்தது. ஆன்ரி லாப்ரூஸ்த் 1830இல் பட்டறை தொடங்கியதே மாணவர்கள் கேட்டுக்கொண்டதால்தான். வாடகை, விளக்கு, விறகு ஆகிய செலவுகளுக்குப் பணம் திரட்டி நிர்வாகம் பார்த்தவரும் மாணவர்கள் தேர்ந்தெடுத்த ஒரு மாணவரே.

ஆசான் வாரத்தில் சில முறை வந்து, மேசை மேசையாகச் சென்று வரைபடங்களைத் திருத்துவார். மற்ற நேரங்களில் புதியவர்களுக்கு வழிகாட்டியவர்கள் மூத்த மாணவர்கள். மை கரைத்துப் பூசுவது, நிழல் விழும் திசையைக் கணிப்பது, தளப்படத்தில் அறைகளை ஒழுங்குபடுத்துவது எல்லாம் இப்படித்தான் கைமாறின. கைம்மாறாக, போட்டிக் கெடு நெருங்கும்போது இளையவர்கள் மூத்தவர்களின் பெரிய வரைபடங்களுக்குக் கோடிழுத்தும் வண்ணம் பூசியும் உதவினார்கள். ஒரு பெரிய கட்டடம் தாளில் உருவாவதை அருகிலிருந்து பார்த்ததே அவர்களுக்குச் சிறந்த பாடமாயிற்று.

கூட்டு உழைப்புக்கு எல்லையும் இருந்தது. போட்டியின் முதல் ஓவியத்தை மாணவர் தனியறையில், பிறர் உதவியின்றி, குறித்த நேரத்துக்குள் வரைந்து கொடுக்க வேண்டும். பின்னர் விரிவாக வரையும் படம் அதிலிருந்து பெரிதும் விலகினால் போட்டியிலிருந்து நீக்கப்படும். மூலக் கருத்து ஒருவருடையது, அதை நிறைவேற்றும் உழைப்பு பலருடையது என்ற தெளிவான பாகுபாடு இந்த முறையின் பெரும் பலம்.

குறைகளும் சிறியவை அல்ல. புதியவர்கள் ஏவல் வேலைகளையும் கேலியையும் தாங்க வேண்டியிருந்தது. பெண்களைப் பள்ளி 1897 வரை சேர்க்கவே இல்லை. கட்டடக் கலைப் பிரிவில் இடம்பெற்ற முதல் பெண் அமெரிக்கரான ஜூலியா மார்கன். 1898இல் சேர்ந்து 1902இல் சான்றிதழ் பெற்றார்.

இந்த முறையை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றவர்களில் முன்னோடி ரிச்சர்ட் மாரிஸ் ஹன்ட். பாரிஸில் பயின்று 1855இல் நாடு திரும்பிய அவர், நியூயார்க்கில் இதே பாணியில் பட்டறை நடத்தினார். அங்கே பயின்ற வில்லியம் வேர், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1868இல் வகுப்புகள் தொடங்கிய கட்டடக் கலைத் துறைக்கு வித்திட்டார்.

1968 மாணவர் கிளர்ச்சிக்குப் பின் கட்டடக் கலைக் கல்வி பாரிஸ் பள்ளியிலிருந்து பிரிக்கப்பட்டது. ஆயினும் மாணவர்கள் ஒரே கூடத்தில் சேர்ந்து வரைவதும், ஆசிரியர் மேசைக்கு வந்து திருத்துவதும், வெவ்வேறு ஆண்டு மாணவர்களை ஒரே குழுவாக்குவதும் இன்றும் பல வடிவமைப்புக் கல்லூரிகளில் தொடர்கின்றன.